வந்ததா, வந்தாளா?

போர்க்கப்பல்கள் பெண்களாக உலவுகிற ஜப்பானிய அனிமே ஒன்றைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவருக்கு முதல் வாக்கியத்திலேயே கப்பல் தரைதட்டிவிடும். 'தகாவோ வந்தது' என்று எழுதுவதா, 'தகாவோ வந்தாள்' என்று எழுதுவதா? தகாவோ என்பது 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கனரகப் போர்க்கப்பல். அதே தகாவோ நீலக் கூந்தலும், தொட்டதற்கெல்லாம் சிவக்கும் கன்னமும் உள்ள பெண்ணும்கூட. ஆங்கிலேயருக்கு இந்தத் தொல்லை கிடையாது. துறைமுகத்தில் மிதக்கிற எந்த இரும்புத் தொட்டியையும் 'அவள்' என்று கூப்பிட்டே பழகிய ஜனங்கள் அவர்கள். ஜப்பானிய வினைச்சொல்லில் ஆண்பால் பெண்பால் விகுதியே இல்லை. ஆனாலும் அங்கே ஒரு சுங்கச்சாவடி உண்டு. உயிருள்ளது ஓரிடத்தில் இருந்தால் 'இரு' என்பார்கள், உயிரில்லாதது இருந்தால் 'அரு' என்பார்கள். (அந்த 'இரு'வைக் கேட்டதும் சொந்தம் கொண்டாடக் கிளம்பிவிட வேண்டாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் எழுதி, சக மொழியியலாளர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.) தமிழில் எழுதுகிறவர் தப்ப வழியே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் நின்று, இது உயர்திணையா அஃறிணையா என்று சத்தியப் பிரமாணம் எடுத்தாக வேண்டும்.

இதைத் தண்டனை என்று நினைக்கத் தேவையில்லை, வசதி என்றே சொல்லலாம். அனிமே ரசிகர்கள் 'கேரக்டர் டெவலப்மெண்ட்' என்ற தலைப்பில் டீ ஆறும்வரை வாதாடுவது எதைப் பற்றி? தகாவோ வளர்ந்தாளா, ஹருனா வளர்ந்தாளா, யாருக்கு வளர்ச்சி அதிகம், யாருக்கு வளர்ச்சி என்ற பெயரில் வெறும் புது உடை. தமிழ் இலக்கணத்தின் முன்னால் இந்த வழக்கைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடும்: எந்த எபிசோடில், எந்தக் காட்சியில் 'அது' 'அவள்' ஆகிறது? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் கப்பல் போருக்கு லாயக்கில்லாமல் போகிறதோ, அந்த இடத்தில். ரசிகர்கள் வளர்ச்சி என்று விரல்விட்டு எண்ணுகிற ஒவ்வொன்றையும் கடற்படைப் பணிமனையின் புகார்ப் புத்தகத்தில் பழுது என்றுதான் எழுதிக்கொள்வார்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வரிகூட வேறுபடாது.

வழக்குக்கு உரிய தொடர் 'நீல எஃகின் அர்பெஜியோ'. ஆர்க் பெர்ஃபார்மன்ஸ் என்ற பெயரில் எழுதுகிறவர்கள் 2009-ல் தொடங்கிய மாங்காவை வைத்து, சான்ஸிகென் ஸ்டூடியோ 2013 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை 12 எபிசோடாக எடுத்தது. இயக்கியவர் சேய்ஜி கிஷி. ஆட்களும் அலைகளும் எல்லாமே கம்ப்யூட்டரில் வார்த்த முப்பரிமாணம். அதனால் சில காட்சிகளில் கப்பல்கள் ஒய்யாரமாகத் திரும்பும், மனிதர்கள் மரப்பாச்சி மாதிரி நடப்பார்கள். கதைக்கு இது தற்செயலாகப் பொருந்திப் போனது. 2039-ல் இரண்டாம் உலகப் போர்க்காலக் கப்பல்களின் உருவில் 'மூடுபனிக் கடற்படை' என்று ஒன்று எங்கிருந்தோ வந்து மனிதர்களைக் கடலிலிருந்து துரத்திவிடுகிறது. கதை தொடங்குவது 17 ஆண்டுகள் கழித்து. சிஹயா குன்சோ என்ற இளைஞன், மூடுபனியிலிருந்து பிரிந்து தன் பக்கம் வந்த ஐ-401 என்ற நீர்மூழ்கியோடு பசிபிக்கைக் கடக்கப் புறப்படுகிறான். அந்த நீர்மூழ்கியின் மனித உரு இயோனா.

கப்பல்களுக்கு மனித உரு எதற்கு? இங்கேதான் எழுதியவர்களின் குறும்பு தெரிகிறது. அழகுக்காக என்று விட்டிருக்கலாம். ரசிகர்கள் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவர்கள் காரணம் வைத்திருக்கிறார்கள். மூடுபனிக்கு ஆயுதபலம் மலையளவு, தந்திரம் மட்டும் பூஜ்யம். நேரே வந்து நேரே சுடத்தான் தெரியும். வியூகம் என்பது மனிதருக்கு மட்டுமே வருகிற வித்தை என்று கண்டுகொண்டு, அதைக் கற்றுக்கொள்வதற்காக மனித உருவும் மனித மனமும் செய்துகொள்கின்றன. அந்த உருவுக்கு 'மென்டல் மாடல்' என்று பெயர். கணக்கு படிக்க டவுனுக்கு அனுப்பிய பையன் கவிதை எழுதிக்கொண்டு திரும்பிய கதைதான் பிறகு நடப்பது. வியூகம் கற்கப் போன கப்பல்களுக்கு வெட்கம் வந்தது, பொறாமை வந்தது, தனிமை வந்தது. இவற்றைத் தராமல் வியூகத்தை மட்டும் தருகிற மனம் கடையில் கிடைக்காது போலிருக்கிறது. மூடுபனித் தலைமை பிடித்தது பிள்ளையார்தான்; முடிந்ததைத்தான் ரசிகர்கள் கேரக்டர் டெவலப்மெண்ட் என்கிறார்கள்.

தகாவோவை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது எபிசோடுக்குள் அவள் ஐ-401-இடம் தோற்றுவிடுகிறாள். பீரங்கி பலத்தில் பார்த்தால் இது லாரி ஆட்டோவிடம் தோற்ற மாதிரி. தோற்ற கப்பல் என்ன செய்ய வேண்டும்? சேதத்தைக் கணக்கிட வேண்டும், தளத்துக்குத் திரும்ப வேண்டும், பழிவாங்க வர வேண்டும். தகாவோ உட்கார்ந்து யோசிக்கிறாள். அந்தச் சின்ன நீர்மூழ்கியிடம் இருந்து தன்னிடம் இல்லாமல் போனது எது? அதற்குள்ளே மனிதர்கள் இருந்தார்கள். அந்த நிமிடம் தொட்டு அவளுக்கு ஒரு கேப்டன் வேண்டும். அதுவும் குன்சோதான் வேண்டும். மேல்தளத்தில் அவன் நிற்பது போலவும் தான் கட்டளைக்குக் காத்திருப்பது போலவும் பகற்கனவு ஓடுகிறது. பணிமனைப் புத்தகத்தில் எப்படி எழுதுவது? 'பீரங்கி சரி, எஞ்சின் சரி, கப்பல் எதிரித் தளபதியை நினைத்துக்கொண்டு நிற்கிறது.' கப்பலாக இருந்தவரை தகாவோவுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு குறை வந்து சேர்ந்ததும்தான் எழுதுகிற கை தானாகவே 'வந்தாள்' என்று போடுகிறது.

ஹருனாவின் கேஸ் இன்னும் ருசியானது. நிஜ ஹருனாவில் எட்டுப் பெரிய பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாயும் 14 அங்குலம். அனிமே ஹருனாவுக்கோ வார்த்தை சேகரிக்கும் பழக்கம். புதுச் சொல் ஒன்று காதில் விழுந்தால் போதும், நின்று, அதன் பொருளைத் தனக்குள் ஒப்பித்து, குறிச்சொல் ஒட்டி, வகைப்படுத்தி, பதிவு செய்துகொள்வாள். கடைசி மூன்று சடங்கையும் வாய்விட்டே சொல்வாள். நூலகத்தில் அட்டவணை எழுதுகிறவர் போருக்குப் போன மாதிரி இருக்கும். மூக்குவரை மறைக்கும் நீண்ட கோட்டுக்குள்தான் எப்போதும் இருப்பாள்; அதைக் கழற்றிவிட்டால் ஊரை அழிக்கவல்ல அந்தக் கப்பல் அப்படியே குறுகி உட்கார்ந்து முனக ஆரம்பித்துவிடும். தோற்றுக் கரையொதுங்கிய அவளை மகியே என்ற சிறுமி கண்டெடுக்கிறாள். மகியேயும் இயற்கையாகப் பிறந்தவள் இல்லை. மூடுபனியை உடைக்கும் அதிர்வு வெடிமுனையை உருவாக்குவதற்காகவே மரபணு திருத்திச் செய்யப்பட்ட குழந்தை. இப்படி ஓர் ஆயுதமும், ஆயுதம் செய்வதற்கென்று செய்யப்பட்ட ஒரு குழந்தையும் நேருக்கு நேர் உட்காருகின்றன. குழந்தை 'ஃப்ரெண்ட்' என்கிறது. வழக்கம்போல ஹருனா அந்தச் சொல்லையும் பதிவு செய்துகொள்கிறாள். ஆனால் அதுவரை அவள் சேர்த்த சொற்களெல்லாம் அலமாரியில் சும்மா கிடந்தவை. இந்த ஒரு சொல் மட்டும் திரும்பி வந்து வேலை வாங்குகிறது. மகியேயைத் தீர்த்துக்கட்ட ராணுவம் வருகிறபோது ஹருனா குறுக்கே நிற்கிறாள். எதிரியின் ஆயுதச் சாலையை எதிரியிடமிருந்தே காப்பாற்றித் தருகிற போர்க்கப்பலை எந்தக் கடற்படை பட்டியலில் வைத்திருக்கும்?

ஹருனாவோடு தோற்ற கிரிஷிமாவுக்கு உடம்பும் மிஞ்சவில்லை. மிச்சமிருந்த மையக்கரு மகியேயின் கரடி பொம்மைக்குள் குடியேறிவிடுகிறது. சுமார் 222 மீட்டர் கப்பல், குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் அளவுக்கு வந்துவிட்டது. அதற்கு முன் கிரிஷிமா என்றால் சண்டைக்கு அலைகிற, வாய் நீளமான ஆசாமி. பொம்மைக்குள் போன பிறகு வாய் அப்படியேதான் இருக்கிறது, அதைச் செயல்படுத்தக் கை மட்டும் பஞ்சாகிவிட்டது. மொத்தத் தொடரிலும் அதிகம் சுருங்கியவளுக்கே நல்ல வளர்ச்சி வாய்த்தது என்று நான் சொன்னால் ஹருனா ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

இப்போது எதிர்க்கட்சி வக்கீலுக்கு வழிவிட வேண்டும். அவருடைய முதல் வாதம்: 'தகாவோவுக்கு வந்தது வளர்ச்சியா, காதல். பெண் பாத்திரம் என்றால் கதாநாயகனைப் பார்த்து வழிய வேண்டும் என்ற பழைய சூத்திரத்தை இரும்பில் ஊற்றி எடுத்திருக்கிறார்கள். இதற்கு சுன்டெரே என்று பெயரே இருக்கிறது.' சுன்டெரே என்றால் வெளியே பாகற்காய், உள்ளே வெல்லப்பாகு. திட்டிக்கொண்டே டிபன் கட்டிக்கொடுக்கும் ரகம். வாதத்தின் முதல் பாதியை மறுக்க மாட்டேன். நடுவிலுள்ள எபிசோடுகளில் தகாவோவை வைத்துச் செய்கிற கிச்சுகிச்சு பாதிக்கு மேல் அந்த அச்சில் வார்த்ததுதான். கடற்கரை எபிசோடைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஆனால் பத்தாவது எபிசோடில் என்ன நடக்கிறது? மூழ்கிய இயோனாவையும் குன்சோவையும் தகாவோ கடலடியில் தேடிக் கண்டுபிடிக்கிறாள். இருவரையும் மீட்க ஒரே வழி, தன் கப்பலுடம்பு முழுவதையும் கரைத்து இயோனாவுக்குக் கொடுப்பது. கொடுத்துவிடுகிறாள். காதல் சூத்திரப்படி போட்டிக்காரி கடலோடு போவதுதான் இவளுக்கு லாபம். அதைவிட, கேப்டன் வந்து நிற்பான் என்று கனவு கண்டாளே, அந்த மேல்தளமே அன்றோடு இல்லை. சுன்டெரேக்கள் டிபன் கட்டித் தருவார்கள். அடுப்பங்கரையைப் பெயர்த்துத் தர மாட்டார்கள். காதலே வாசனைக்கும் இல்லாத ஹருனா-மகியே கதையிலும் இதே பழுது, இதே வரிசையில் வருகிறது என்பதையும் வக்கீல் கவனிக்கட்டும்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கூர்மையானது: 'தொடரின் தலைவி இயோனா. அவளுக்கு என்ன வளர்ச்சி? முதல் எபிசோடில் முகத்தை எப்படி வைத்திருந்தாளோ கடைசியிலும் அப்படித்தான்.' முகத்தைப் பார்த்து வளர்ச்சி அளக்கிறவர்களுக்கு இயோனா கல்லுப்பிள்ளையார்தான். அவள் தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். குன்சோவின் சொல்படி நட என்பது அவளுக்குள் ஏற்றப்பட்டிருந்த முதல் கட்டளை. ஆகவே அவன் பக்கம் வந்தது நற்குணத்தால் அல்ல, வெறும் கீழ்ப்படிதலால். எதிரிக் கப்பல்கள் கடற்படைத் தலைமையின் விதிநூலுக்குக் கீழ்ப்படிகின்றன, இயோனா ஒரு பையனுக்குக் கீழ்ப்படிகிறாள். ஓனர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். இந்தக் கணக்குப்படி நல்லவள் என்று எல்லோரும் நினைக்கிற இயோனாதான் நெடுநேரம் 'அது'வாக இருக்கிறாள். பிறகு, சாகக்கிடக்கும் குன்சோவுக்காகத் தன்னிடம் மிச்சமிருந்ததையெல்லாம் செலவழிக்கிறாள். தன் தங்கை தமக்கை போன்ற ஐ-400, ஐ-402 இரண்டையும் எதிர்த்துப் போரிட்டு மூழ்கடிக்கும்போது அவளுக்கு அழுகை வருகிறது. கணக்குச் சரியாக முடிந்த வேலைக்கு அழுகை எதற்கு என்று பணிமனை கேட்கும். மேலோட்டமாகப் பார்க்கிற ரசிகர் கண்ணுக்குத் தப்புகிற அந்தத் துளியைத்தான் நான் சாட்சியமாக வைக்கிறேன்.

கொங்கோவுக்கு வருவோம். ஆப்பிரிக்க நாட்டைத் தேட வேண்டாம். ஜப்பானியத்தில் கொங்கோ என்றால் வஜ்ரம். எதற்கும் நெகிழாத தளபதிக் கப்பல். நான் ஆயுதம், எனக்கு உணர்ச்சி கிடையாது, விதிநூலே எனக்கு வேதம் என்று தொடர் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் குரல் ஏறிக்கொண்டே போகிறது. எனக்குக் கோபமே வராது என்று மேசையைத் தட்டிச் சொல்கிற பெரியவர்களை எல்லோருக்கும் தெரியும். அவள் பக்கத்தில் எந்நேரமும் பியானோ வாசித்துக்கொண்டு, 'கார்னிவல்!' என்று குதூகலிக்கிற மாயா என்ற இன்னொரு கப்பல். கொங்கோவுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே துணை. கடைசியில் பார்த்தால் மாயாவுக்குள் ஆளே இல்லை. கொங்கோவைக் கண்காணிக்க வைத்த பொம்மை. நாலைந்து வாக்கியங்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். ஜப்பானிய ரசிகர்களுக்கு இது பேரதிர்ச்சி. தமிழ் ரசிகருக்கு ஸ்பாய்லர் பெயரிலேயே இருந்தது. அந்தக் கப்பலுக்குக் கோபே நகரத்து மாயா மலையின் பெயர். அந்த மலைக்குப் புத்தரின் தாய் மாயாவின் பெயர். ஆக, நம் மாயாதான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. பொம்மை என்று தெரிந்ததும் கொங்கோ வெறிகொண்டு எழுகிறாளே, அந்த இடத்தில் என் விகுதி மாறிவிட்டது. துணை பொய்யானதற்கு ஆயுதம் ஆத்திரப்படாது. விதிநூலில் அதற்குப் பிரிவு கிடையாது. தலைமைக்குக் கட்டுப்படாமல், வியூகமும் இல்லாமல், ஒரே ஒரு நீர்மூழ்கியை அழிக்க வேண்டும் என்று மட்டும் வருகிற தளபதியை எந்தக் கடற்படையும் பதவியில் வைத்திருக்காது. மென்டல் மாடல்களில் மிக மோசமான போர்க்கப்பல் என்று பார்த்தால் கடைசி இரண்டு எபிசோடுகளின் கொங்கோதான். என் கணக்கில் முதல் மார்க்கும் அவளுக்கே.

இத்தனை பேர் வளர்ந்த தொடரில் வளராத ஒரே ஆள் குன்சோ. முதல் எபிசோடில் கையை மடக்கி யோசித்தான், கடைசியிலும் யோசிக்கிறான். இடையில் ஒருமுறைகூடக் கப்பல் சாவியைத் தேடி வீட்டைப் புரட்டியதில்லை. இதைக் குறை என்று ரசிகர்கள் சொல்கிறார்கள். குறைதான், ஆனால் கணக்குக்குப் பொருந்துகிற குறை. கப்பல்களெல்லாம் மனிதராகிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் இரும்பாக நின்றால்தானே நங்கூரம் போட முடியும்.

இதே 2013-ல் வேறொரு கப்பல்பெண் உலகமும் மிதக்கத் தொடங்கியது. 'கன்டாய் கலெக்‌ஷன்' என்ற பிரவுசர் விளையாட்டு; 2015-ல் அனிமேயாகவும் வந்தது. அங்கே வளர்ச்சிக்கு வாதமே தேவையில்லை. எண்ணில் போட்டிருக்கும். சண்டைக்குப் போனால் லெவல் ஏறும், ஒரு லெவலில் புது உடையோடு புதுப்பிப்பு. உபரியாகச் சேர்ந்த கப்பல்பெண்களை ஒருத்திக்குத் தீனியாகப் போட்டால் அவள் பலம் கூடும் என்ற ஏற்பாட்டைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'நவீனப்படுத்தல்' என்கிறார்கள். 99-ஆம் லெவலோடு வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேல் வளர வேண்டுமானால் கப்பலுக்கு மோதிரம் மாட்ட வேண்டும். அந்தச் சடங்கின் பெயரே 'கல்யாணம், தற்காலிகம்'. முதல் மோதிரம் விளையாடிச் சம்பாதித்தது, அடுத்த மோதிரத்துக்குக் காசு. பெண்ணின் முன்னேற்றத்துக்குக் கல்யாணம் தடை என்று கட்டுரை எழுதுகிற உலகத்தில், கல்யாணம் செய்யாவிட்டால் 100-க்குப் போக முடியாது என்று சட்டம் போட்டவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அனிமேயின் மூன்றாவது எபிசோடில் கிசராகி என்ற சின்னக் கப்பல் மூழ்கியபோது ரசிகர்கள் கொந்தளித்தார்கள். வளர நேரமே கொடுக்காமல் கொன்றுவிட்டார்கள் என்பது புகார். நிஜக் கிசராகியும் 1941 டிசம்பரில், ஜப்பான் போரில் இறங்கிய நாலாம் நாளே, வேக் தீவருகே மூழ்கியது. வரலாறும் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. அந்த அனிமேயின் நாயகி ஃபுபுகி லெவல் ஏறிப் புது உடை போட்டதை நான் மறந்துவிட்டேன். திரும்பி வராத கிசராகிக்காகத் துறைமுகத்தில் நின்ற அவள் தோழி முத்சுகி நினைவில் நிற்கிறாள். வராத கப்பலுக்காகத் தினமும் காத்து நிற்பதால் யுத்தத்துக்குக் காலணா பயன் இல்லை.

பொருளுக்கு மனம் வருவது ஜப்பானில் நேற்றுப் பிறந்த யோசனை இல்லை. முரோமாச்சி காலத்துப் படச்சுருள் ஒன்றில், பெருக்கித் தள்ளும்போது தெருவில் வீசப்பட்ட பழைய பாத்திர பண்டங்கள் உயிர்பெற்று எழுந்து, வைத்திருந்தவர்களைப் பழிவாங்கிவிட்டு, கடைசியில் புத்த மார்க்கத்தில் சேர்ந்து ஞானம் அடைகின்றன. பாத்திரத்துக்கே பாத்திர வளர்ச்சி. இவற்றுக்கு சுகுமோகாமி என்று பெயர். நூறு வயதானால் பொருளுக்கு ஆவி ஏறும் என்பது நம்பிக்கை, பெயரிலேயே 99 என்ற எண் ஒளிந்திருக்கிறது. 99-இல் மோதிரம் கேட்கிற விளையாட்டு அதை நினைத்துத்தான் வைத்ததா என்பது அவர்களுக்கே வெளிச்சம். மீன்பிடிப் படகிலும் பாய்மரத்தடியில் சின்னக் குழி வெட்டி, காகித பொம்மை, இரண்டு பகடை, காசு, பெண்ணின் தலைமுடி என்று வைத்துப் படகுக்கொரு அம்மனைக் குடியேற்றுகிற வழக்கம் உண்டு. அந்த நூறு வயதுக் கணக்கை நம் கப்பலுக்கும் போட்டுப் பார்க்கலாம். நிஜ கொங்கோ பிரிட்டனில் விக்கர்ஸ் கம்பெனி கட்டி 1913-இல் சேவையில் சேர்ந்த கப்பல். விளையாட்டில் வருகிற கொங்கோ ஆங்கிலம் கலந்து பேசி டீக்கு உயிரை விடுவது இந்தப் பிறந்த வீட்டுப் பாசத்தால்தான். கப்பல் 31 வயதிலேயே மூழ்கிவிட்டது. ஆனாலும் 1913-ஓடு நூறைக் கூட்டிப் பாருங்கள்: அனிமேயும் விளையாட்டும் வந்த வருஷம். சாஸ்திரப்படி சரியாகத்தான் ஆவி ஏறியிருக்கிறது.

மூன்றாவது வாதம் சிரித்துத் தள்ளக்கூடியது இல்லை. இந்தப் பெயர்களெல்லாம் நிஜக் கப்பல்களுடையவை. 1942 அக்டோபரில் ஒரே இரவில் குவாடல்கனாலின் விமானத் தளத்தின் மேல் 900-க்கும் அதிகமான குண்டுகளைப் பொழிந்தவை கொங்கோவும் ஹருனாவும். அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது, விமானந்தாங்கிகளுக்குக் காவலாக இந்துமாக்கடலில் நின்றவை கொங்கோ, ஹருனா, கிரிஷிமா, ஹியெய் நான்கும். குண்டுக்குப் பயந்து சென்னையைக் காலி செய்து ஜனங்கள் ஊர்ப்பக்கம் ஓடிய மாதம் அது. தகாவோ அடிபட்டு நகர முடியாமல் கிடந்தது சிங்கப்பூரில். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு வாரிக்கொண்டுபோன ராஜ்யத்தின் காவற்கப்பல்தான் அது. அவற்றுக்கு ரிப்பன் கட்டிக் கன்னத்தில் சிவப்புத் தடவினால் வரலாறும் சேர்ந்து அழகாகிவிடாதா என்று கேட்கிறவருக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கன்டாய் கலெக்‌ஷனைப் பொறுத்தவரை அந்தக் குற்றச்சாட்டு பெருமளவு நிற்கும் என்றே நினைக்கிறேன். அங்கே கப்பல்பெண்கள் தங்கள் போர்க்கால நினைவோடுதான் வருகிறார்கள். அந்த நினைவில் மூழ்கிய தோழிகள் இருக்கிறார்கள், சுடப்பட்ட ஊர்கள் இல்லை. அர்பெஜியோ அந்தக் கேள்வியைச் சாமர்த்தியமாகச் சுற்றிப் போகிறது. அதன் கப்பல்கள் உருவத்தை மட்டுமே கடன் வாங்கியவை, யாருடைய போரும் அவற்றுக்கு ஞாபகமில்லை. சுற்றிப் போவது பதிலாகாதுதான். ஒன்றை மட்டும் கணக்கில் வைக்கலாம்: அந்தத் தொடர் யாரையும் நன்றாகச் சுட்டதற்காக வளர்ந்தவள் என்று மெச்சுவதில்லை. மார்க் விழுவதெல்லாம் பீரங்கி நின்ற இடத்தில்.

விகுதிப் பிரச்சினையும் அங்கே ஓரளவு தீர்ந்துவிடுகிறது. 1942 ஏப்ரலில் இலங்கைக் கடலுக்கு ஹருனா வந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எந்த ரசிகர் வந்து கெஞ்சினாலும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். மகியேக்காக ராணுவத்தின் முன்னால் ஹருனா வந்தாள். நாமும் பேச்சில் இப்படித்தான் செய்கிறோம்: பிரியம் வந்தால் பசுமாட்டை 'லட்சுமி வந்துட்டா' என்போம், எரிச்சல் வந்தால் வாசலில் நிற்கிற சொந்தக்காரரை 'அது வந்திருக்கு' என்போம். நூற்பாவில் திணை நிலையாக நிற்கும், நாக்கில் நிற்காது. மிச்சமிருக்கிற ஒரே தகராறு கிரிஷிமா. கப்பல் அஃறிணை, கரடி அஃறிணை, பொம்மை அதைவிட அஃறிணை. மூன்று அஃறிணையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் உச்சியில் பஞ்சு வாயால் கத்திக்கொண்டு, 'என்னைக் கீழே இறக்கு!' என்று...

சொன்னது? சொன்னாள்? குழந்தை அழுதது என்று எழுதுகிறபோது வராத தயக்கம் இங்கே வருகிறது.